கழுத்து நீண்ட வயோலாக்கள்

நான் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பத்து மூன்று வருடம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் ஒவ்வொரு அறையையும் அளந்தேன். மொட்டை மாடியை அளந்தேன். வாசலிலிருந்து பால் பூத் வரைக்கும் எத்தனை மீட்டர் என்று ஒரு நாள் அளந்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை, இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போனது.

“உங்கப்பா பால் பூத்த அளந்துட்டாரு. அடுத்து என்னை அளக்கறதுக்குள்ள ஏதாவது பண்ணுடி.”

மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். கார்த்திகை பிறந்த முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஆறு சின்னப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கைப்பிடி உயரத்தில் அடர்த்தியாய் ஒரு செடி, மேலே பூக்கள். ஐந்து இதழ், மேல் இரண்டும் ஊதா, கீழ் மூன்றும் மஞ்சள், நடுவிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடுகள். மீசை முளைத்த பூனைக்குட்டிகள் கூட்டமாகத் தலையைத் தூக்கி நம்மைப் பார்ப்பது போல இருந்தது.

“இதுக்குப் பேரு வயோலாப்பா. குளிர்காலப் பூ. நம்ம ஊர்ல மாசி வரைக்கும் தாங்கும்” என்று ஆரம்பித்து அவள் இன்னும் நிறையச் சொன்னாள். நான் பூனைகளின் மீசையை எண்ணிக்கொண்டிருந்தேன். என் காதில் நின்றது “குளிர்காலப் பூ” என்ற ஒரு வார்த்தைதான். குளிர்காலப் பூ என்றால் அதற்கு வெயில் ஆகாது. அரசாங்க வேலையில் இவ்வளவு வருடம் இருந்தவனுக்கு இதை யூகிக்கத் தெரியாதா? மகள் பஸ் ஏறியதும் தொட்டிகளை முன்பக்க கிரில் வராந்தாவில், தகரக் கூரையின் நிழல் நன்றாக விழும் மூலையில் வைத்தேன்.

அடுத்த வாரம் தீபத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். திருவண்ணாமலையில் வீடு இருந்தால் தீபத்துக்குத் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. கிரில் வராந்தா முழுக்கச் செருப்பும் பையுமாக ஆனது. பூனைகளை யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மாடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நடுப்பகலிலும் அங்கே லைட் போட்டால்தான் கண் தெரியும். செடிக்கு நல்ல குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் வடிந்து போய்ப் பார்த்தால் செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தன. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உடனே ஒரு நோட்டு எடுத்தேன். ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்து, காலை ஏழு மணிக்கு ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்தேன். பத்து சென்டிமீட்டர் பதினைந்தானது. பதினைந்து பத்தொன்பதானது. அளக்க அளக்க வளர்கிற ஒரு பொருள் என் வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை. நிலம் எத்தனை முறை அளந்தாலும் அதே அளவுதான் இருக்கும், பக்கத்து நிலத்துக்காரர் இல்லாத வரைக்கும்.

கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற என் தம்பி தீபத்துக்கு வந்தவன், எல்லோரும் போன பிறகும் ரெண்டு நாள் தங்கியிருந்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா, இதுக்கே மலைச்சிட்ட? நான் யூரியா குடுத்து அனுப்பறேன். ஒரு சிட்டிகை போடு, நாத்து மாதிரி எகிறும்” என்றான். சொன்னபடியே யாரிடமோ ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினான். மனைவிக்குத் தெரிந்தால் விஷம் அது இது என்று பேசுவாள். எனவே பொட்டலத்தைப் பழைய ஷேவிங் பெட்டிக்குள் வைத்து, அவள் பள்ளிக்குப் போன பிறகு வாரம் இரண்டு முறை போட்டேன். தம்பி சொன்னது வீண் போகவில்லை. நான்காம் எண் செடி இருபத்தைந்தைத் தொட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. தண்டு நூல் மாதிரி மெலிந்து, இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, கிரில் இருந்த திசைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு, பிறகு பாரம் தாங்காமல் தொட்டிக்கு வெளியே தொங்கின. தென்னை ஈர்க்குச்சி நட்டு, தையல் நூலால் கட்டி நிமிர்த்தினேன். கட்டி நிமிர்த்தியதில் அளப்பது இன்னும் சுலபமாயிற்று.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு தொல்லை. படிக்கட்டுப் பக்கம் ஒரு துர்நாற்றம். காலையில் கம்மியாகவும் மதியத்தில் ஜாஸ்தியாகவும் வீசியது. மாட்டுத் தொழுவமும் புளித்த மோரும் கலந்தது போன்ற ஒரு வாடை. சாக்கடைக் குழாயில்தான் ஏதோ கோளாறு என்று கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் புகார் சொன்னேன். அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் “அடுத்தது!” என்று குரல் கொடுத்தால் தெருமுனையில் நிற்கும் ஆட்டோ கூட ஒரு அடி முன்னால் நகரும்.

மார்கழி முதல் ஞாயிறு காலையில் சிஸ்டர் மாடிக்கு வந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

“எங்க சார் நாத்தம்?”

“இங்கதான் சிஸ்டர், படிக்குக் கீழ.”

குனிந்து குழாயை மோந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அவர் மூக்கு மெதுவாகத் தொட்டிகளின் பக்கம் திரும்பியது.

“இதெல்லாம் இன்னா சார், இப்படி நெட்டையா கெடக்கு? கால் ஒடிஞ்ச கேஸுக்கு மாதிரி ஈர்க்குச்சில டிராக்ஷன் வேற போட்டு வெச்சிருக்கீங்க.”

“வயோலா சிஸ்டர். நல்லா வளருது. பாருங்களேன்” என்று நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கேஸ் ஷீட் படிப்பது போல ஒரு வரி விடாமல் படித்தார்.

“உயரம் எழுதியிருக்கீங்க. பூ எத்தினின்னு எழுதலியே?”

எனக்கு அது தோன்றவே இல்லை.

“வந்தப்ப எத்தினி பூ இருந்துச்சு?”

“முப்பதுக்கு மேல இருக்கும்.”

“இப்ப?”

எண்ணினேன். நான்கு. அதிலும் ஒன்று சுருண்டு போயிருந்தது. முப்பத்து மூன்று வருட அனுபவத்தில் இப்படி ஒரு தப்பான அளவை நான் போட்டதில்லை. மூன்று வாரமாக எதை அளக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதையோ அளந்திருக்கிறேன்.

“வெயில் காட்றீங்களா?”

“குளிர்காலப் பூ சிஸ்டர். வெயில் ஆகாது.”

“குளிர் வேற, இருட்டு வேற சார். ஊட்டியில சூரியன் இல்லியா? பாவம், வெளிச்சம் எங்க எங்கன்னு தேடிக்கினு கழுத்த நீட்டியிருக்கு. நீங்க அதைப் போய் வளர்ச்சின்னு எழுதி வெச்சிருக்கீங்க. சரி, சாப்பாடு இன்னா தர்றீங்க?”

“தண்ணி மட்டும்தான்.”

சர்க்கரை நோயாளி “இனிப்பே தொடறதில்ல சிஸ்டர்” என்று சொல்லும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பத்து நொடிக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது.

“கொஞ்சம் யூரியா” என்றேன். “ஒரு சிட்டிகை. வாரத்துக்கு ரெண்டு தடவ.”

சமையலறை வாசலில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள்.

“ஏங்க, நீங்க யூரியா போட்டீங்களா?”

“ஒரு சிட்டிகைதான். அதுக்கு ஏன் நீ இப்படிப் பதறுற?”

அவள் சிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் பஞ்சகவ்யா ஊத்திட்டிருக்கேன். ஸ்கூல் தோட்டத்துக்கு வாங்கினதுல ஒரு பாட்டில் கேட்டு வாங்கிட்டு வந்தேன். காலையில நீங்க குளிக்கப் போறப்ப ஊத்திடுவேன்.”

மாட்டுச் சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்தது பஞ்சகவ்யா. நாற்றத்தின் ஊற்று அதுதான்.

“அப்ப என் டிரெயினேஜ் நல்லாத்தான் இருக்கு” என்றார் சிஸ்டர், வெகு திருப்தியாக.

எனக்குக் கோபம் வந்தது. ஷேவிங் பெட்டியை மறந்துவிட்டு, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று மனைவியிடம் எகிறினேன். அவள் பதிலுக்கு எகிறவில்லை. “நோட்ட எடுத்துக்கினு போய் அளந்துட்டு வரும்போது உங்க மூஞ்சி நல்லாருக்கு. ரிட்டயர் ஆனதிலிருந்து அப்படிப் பாக்கவே இல்ல. இன்னும் கொஞ்சம் வளரட்டுமேன்னு ஊத்தினேன்” என்றாள். சிஸ்டர் நாசூக்காகத் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே மோந்து பார்த்த குழாயை மறுபடி மோந்து பார்த்தார்.

பிறகு தீர்ப்பைச் சொன்னார். வெளிச்சம் கம்மி, சாப்பாடு ஜாஸ்தி. ரெண்டும் சேர்ந்தால் எந்தச் செடியும் இப்படித்தான் சதையில்லாமல் உயரும். போதாததற்கு, காய்ந்த பூவைக் கிள்ளாமல் விட்டதால் செடி விதை பிடிக்கிற வேலையில் இறங்கிவிட்டது. ஒரு பச்சைக் காயைப் பிதுக்கிக் காட்டினார், உள்ளே மணல் மாதிரி விதை. “புள்ள பெத்தாச்சு, இனிமே நமக்கு அலங்காரம் எதுக்குன்னு நெனைக்குது. வயோலாவ நான் பாத்ததில்ல சார். ஆனா வியாதி எனக்குத் தெரிஞ்சதுதான்.”

“வைத்தியம்?”

“பாதிக்கு மேல வெட்டணும்.”

அவர் கீழே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இரண்டு அலகையும் துடைத்தார். முதல் செடியின் அடிப்பக்கத்தில் இலை சேரும் கணுவைக் காட்டினார். அங்கே கடுகளவு பச்சையாக ஒரு முனை ஒளிந்திருந்தது. “இதுக்கு மேல வெட்டினா இது முழிச்சிக்கும்” என்று சொன்னவர், நான் மூச்சு விடுவதற்குள் வெட்டிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. கோயில் வாசலில் மொட்டை போட்டு வந்த பிள்ளைகளைப் போல மூன்று தொட்டிகள் நின்றன.

“போதும் சிஸ்டர்! மீதி மூணையும் எனக்காக விடுங்க.”

“டாக்டர் பேச்சக் கேக்காம டிஸ்சார்ஜ் கேக்கறீங்க. அப்ப சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்து போட்டுடுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நோட்டையும் பேனாவையும் நீட்டினார். போட்டேன்.

வெட்டி விழுந்ததில் இருந்த இரண்டு பூக்களை மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி டைனிங் டேபிளில் வைத்தாள். அன்று மதியம் நான் அவற்றைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஆனால் செடிக்கு இடம் தேடும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலை வெயில் வேண்டும், உச்சி வெயில் கூடாது என்பது சிஸ்டரின் நிபந்தனை. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாக்பீஸோடு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று மணிக்கு ஒரு முறை தரையில் கோடு போட்டேன். பிற்பகலுக்குள் மாடி முழுக்க ஒரு புல வரைபடம் உருவாகிவிட்டது. பதினொன்றரை மணி வரை வெயிலும் அதற்குப் பிறகு நிழலும் விழும் ஒரு துண்டு இடம் வடக்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கிடைத்தது. நான் சர்வே செய்து கொடுத்த இடங்களிலேயே பட்டாதாரருக்கும் எனக்கும் தகராறு இல்லாத ஒரே இடம் அதுதான்.

வெட்டிய மூன்றையும் வெட்டாத மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தேன். யூரியாப் பொட்டலம் தம்பிக்கே திரும்பிப் போனது. பஞ்சகவ்யா பள்ளிக்குப் போனது. மேல் மண் காய்ந்தால் மட்டும் காலையில் வேர்ப்பக்கம் தண்ணீர்.

முதல் வாரம் மொட்டைகள் மொட்டையாகவே இருந்தன. என் மூன்றும் ஈர்க்குச்சியில் சாய்ந்தபடி நிலைமையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளூர ஒரு அற்ப சந்தோஷம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, குப்புறப் படுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, வெட்டிய தண்டின் கணுவிலிருந்து இரண்டு பக்கமும் இலை விரிந்திருந்தது. அடுத்த கணுவிலும். அதற்கடுத்ததிலும். மாடியில் துணி காயப்போட வந்த மனைவி, நான் தரையில் கிடப்பதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டேன் என்று அலறிவிட்டாள்.

என்னுடைய மூன்றுக்கும் நாள் நல்லபடி போகவில்லை. இருட்டில் வளர்ந்த மெல்லிய இலைகள் வெயில் பட்டு வெளுத்தன. ஐந்தாம் எண்ணின் ஈர்க்குச்சி மேல் ஒரு காக்கா உட்கார்ந்து பார்த்தது. ஈர்க்குச்சி தாங்கியது, செடி தாங்கவில்லை. பூத்த ஒன்றிரண்டு பூவும் சட்டைப் பித்தான் அளவுக்குத்தான் இருந்தன. இன்னும் மூன்று நாள் வீம்பு பிடித்துப் பார்த்தேன். அப்புறம் கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

“சிஸ்டர், கத்தரிக்கோல்.”

அவர் கத்தரிக்கோலையும் ஸ்பிரிட் பஞ்சையும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மாடிக்குப் போய், கணுவைத் தேடி, கண்ணை மூடாமல் வெட்டினேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். பையை வைத்ததும் வைக்காததுமாக மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“என்னப்பா இது! ஒரு பூவக்கூடக் காணோம், ஆறு பேருக்கும் மொட்டை போட்டுட்டீங்களா?”

நடந்ததைச் சொன்னேன், யூரியாவைக் கொஞ்சம் சுருக்கமாக. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நான்தான் அன்னைக்கே வெயில்ல வையுங்க, உரம் போடாதீங்க, வாடின பூவ உடனே கிள்ளிடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே?”

“சொன்னியா?”

“அம்மா! இவரு கேக்கவே இல்லயாம்மா!”

“முப்பது வருஷமா எங்கிட்ட கேக்காத மனுஷன் உங்கிட்ட மட்டும் கேப்பாரா?” என்று கீழிருந்து பதில் வந்தது.

சிஸ்டர் வெட்டிய மூன்றும் அதற்குள் அடர்ந்து உருண்டையாக இருந்தன. உள்ளே குனிந்து பார்த்தால் மொட்டுகள், ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்தபடி. மகள் எண்ணிப் பார்த்தாள், பத்தொன்பது. ஒன்றுகூட விரியவில்லை. காணும் பொங்கல் அன்று காலை அவளுக்கு பஸ். கிளம்புவதற்கு முன் மாடிக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள். இரண்டாம் எண் தொட்டியில் ஒரே ஒரு பூனை முகம் விரித்திருந்தது, மீசையோடு. அதைப் போட்டோ எடுக்கப் போய் முதல் பஸ்ஸை விட்டாள். அடுத்த பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எனக்கு நிம்மதியாயிற்று.

தை கடைசியில் அந்தத் துண்டு இடம் ஊதாவும் மஞ்சளுமாக நிரம்பியது. நான் வெட்டிய மூன்றும் இரண்டு வாரம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டன. ஒரு தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பூ எப்போதும் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாடியதைக் காம்போடு கிள்ளினேன். சிஸ்டர் தினமும் காலை எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆறு தொட்டியையும் வரிசையாகப் பார்த்து, “ம், பரவால்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். அந்த “பரவால்ல”வுக்காக நான் ஏழு மணியிலிருந்தே காத்திருப்பேன்.

மாசி பாதியில் வெயில் ஏறியது. நிழல் வலை கட்டினேன், தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டேன். இலைகள் மஞ்சளாயின. “விடுங்க சார், அதுக்கு வயசாயிடுச்சு. நிம்மதியா போவட்டும்” என்றார் சிஸ்டர். பங்குனியில் ஆறையும் பிடுங்கி, மண்ணைக் காயவைத்தேன். அன்று அவர் ரவுண்ட்ஸ் வரவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று வராமல் இருந்ததாக மனைவிதான் பிறகு சொன்னாள்.

அந்தப் பழக்கத்தில் இப்போது தெருவில் நேராக நடக்க முடிவதில்லை. கண் எல்லா வீட்டுத் தொட்டிக்கும் போகிறது. போன மாதம் என் கண்ணாடியின் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று தேரடித் தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தபோது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு டேபிள் ரோஸ் தொட்டியைப் பார்த்தேன். பூ ஒன்றுகூட இல்லை. கொடி கொடியாக மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“பாய், அதுக்கு வெயில் பத்தல.”

“தெரியும் சார். வெளிய வெச்சா ஆடு வந்து மேஞ்சிடுது. இன்னா பண்றது?”

“வெளிய கடை போர்டு கொக்கியில தொங்க வுடுங்க. ஆட்டுக்கு எட்டாது. அப்புறம் இதப் பாதிக்கு மேல வெட்டணும்.”

“பாதியா?” அவர் முகத்தில் நான் மார்கழியில் போட்டிருந்த அதே முகம். கண்ணாடி துடைக்கும் துணியை வெட்டும் கத்தரிக்கோல் மேஜை மேலேயே இருந்தது. ஸ்பிரிட் இல்லை, லென்ஸ் துடைக்கும் திரவத்தால் துடைத்தார். கணு எங்கே என்று நான் காட்டினேன், அவரே வெட்டினார். வெட்டின துண்டுகளைக் குப்பையில் போடப் போனவரைத் தடுத்து, டேபிள் ரோஸ் துண்டு மண்ணில் செருகினாலே பிடித்துக்கொள்ளும் என்றேன். அவர் ஒரு காலி மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் அவற்றை அடுக்கி, டப்பென்று மூடி என் கையில் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஆறு தொட்டியிலும் செருகினேன். இந்த முறை முழு வெயில். இரண்டு வாரத்தில் முதல் பூ, அடர்ந்த ரோஜா நிறத்தில். காலை ஒன்பது மணிக்கு விரிந்தது, மதியத்துக்குள் மூடிக்கொண்டது. மனைவி பள்ளியிலிருந்து வருவது ஐந்து மணிக்கு. பூத்ததென்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து, பத்து மணிக்குக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே, விரிந்திருந்த பூக்களைப் பார்த்தபடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.